பெயரால் இழக்கும் ஆதரவு

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் தென்னமரம் என்றொரு தோட்டம் உண்டு. தமிழர் காதில் அப்பெயர் தென்னை மரம் என்றே ஒலிக்கும். ஆயின் அத்தோட்டம் வரலாற்றில் இடம்பெற்றது செம்பனையால். பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி ஃபோக்கோன்னியே 1917-ஆம் ஆண்டில் மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்குத்தான் உருவாக்கினார். பெயர் தென்னை, பயிர் செம்பனை. இதனால் எவருக்கும் இழப்பில்லை. செம்பனை பெயரைக் கேட்டுக் குலை தள்ளுவதில்லை.

அங்கிருந்து கடற்கரையோரமாக வடக்கே சென்றால் தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் ஆகிய ஊர்களைக் கடந்து பாகான் நக்கோடா ஓமார் என்னும் மீனவர் ஊர் வரும். பாகான் என்பது படகுகள் கரையேறும் துறை. நக்கோடா என்பது கப்பல் தலைவனைக் குறிக்கும் பாரசீகச் சொல். தமிழ்க் கடற்கரை முஸ்லிம்கள் நாகுதா என்று வழங்கியதும் அதுவே. இன்ன இடம், இன்னார் பெயரால் அமைந்தது என்பதை மூன்று சொற்களில் அவ்வூர்ப் பெயர் அறிவித்துவிடுகிறது. ஊரின் பெயர் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் ஊர் நிற்கும். அமைப்புகளின் நிலை அத்தகையதன்று. அமைப்பு என்பது மண்ணுமன்று, மரமுமன்று. அது மனிதர் கொடுக்கும் ஆதரவால் மட்டுமே உயிர்வாழ்வது. அந்த ஆதரவுக்கு முதல் வாசல் பெயர்.

தமிழர் அமைப்புகள் பலவும் இந்த வாசலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. தொடக்கக் கூட்டத்தில் பெயர் சூட்டுவதற்கு ஒதுக்கப்படும் நேரம், தேநீர் அருந்த ஒதுக்கப்படும் நேரத்தினும் குறைவு. யாரோ ஒருவர் எழுந்து கம்பீரமான பெயரொன்றைக் கூறுவார்; கைதட்டல் எழும்; செயலாளர் எழுதிக்கொள்வார். பின்னர் ஆண்டுப் பொதுக்கூட்டந்தோறும் ‘மக்கள் நம்மைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள்’ என்னும் புலம்பல் தலைமையுரையில் தவறாது இடம்பெறும். தவறு புரிந்துகொண்டவர்மேல் சுமத்தப்படும்; பெயர் வைத்தவர்மேல் சுமத்தப்படுவதே இல்லை.

‘பெயரில் என்ன இருக்கிறது? செயலன்றோ பெரிது’ என வாதிடுவோர் உளர். செயல் பெரிது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் செயலைக் காண ஒருவன் உள்ளே வந்தாக வேண்டும். உள்ளே வரலாமா வேண்டாமா என்பதை அவன் வெளியே தொங்கும் பலகையைப் படித்துத்தான் முடிவு செய்கிறான். பலகை ‘இது உனக்கன்று’ என்று சொல்லிவிட்டால், உள்ளே நிகழும் நற்செயல்களை அவனுக்கு அறிவிப்பவர் யார்?

இருவகைப் பிறழ்ச்சி

அமைப்பொன்றின் பெயரைத் தவறாகக் கொள்வோர் இருவகையினர். ஒருவன் பகைவன், உண்மை அறிந்தே திரிப்பவன். மற்றவன் நண்பன், அல்லது நண்பனாகக் கூடியவன். உண்மை அறியாது தயங்கி நிற்பவன். இவ்விருவரையும் ஒன்றாகக் கருதுவதே தமிழர் தலைமைகளின் பழைய பிழை. பகைவன் திரிப்பதற்குப் பெயர் பொறுப்பாகாது. நண்பன் தயங்குவதற்கோ பெயர் வைத்தவரே பொறுப்பு.

பகைவனின் திரிபுக்குச் சான்று தேடிச் சிலாங்கூரை விட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மாபெரும் வேலைநிறுத்தம் மூண்டது. அதனை முன்னின்று நடத்தியது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். அதன் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன். சங்கத்தின் பெயரில் ‘தொழிலாளர்’ என்ற சொல் இல்லை. எனினும் பால்மரம் வெட்டியவர்களுக்கு அதன் பொருள் தெளிவாகவே விளங்கிற்று. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். துரையின் எதிரே மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் இழிவு ஒழிய வேண்டும். இவையே அவர்தம் கோரிக்கைகள். ஆனால் தோட்ட முதலாளிகளும் காலனியாட்சியினரும் அதைக் கூலிப் போராட்டமாகக் கொள்ள மறுத்தனர். ‘இந்தியர் சங்கம்’ என்ற பெயரையும் தொழிலாளர் அணிந்த காந்திக் குல்லாயையும் சுட்டி, இஃது இந்திய அரசியல் கிளர்ச்சி என்றனர். மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

அச்சங்கம் தொழிலாளர் சங்கம் என்றே பெயர் சூட்டியிருந்தால் அவ்வுயிர்கள் பிழைத்திருக்குமா? பிழைத்திரா. கூலியை உயர்த்த மனமில்லாதவனுக்குப் பெயர் ஒரு சாக்கு. அந்தச் சாக்கு இல்லையெனில் வேறொன்று கிடைத்திருக்கும். தொழிலாளர்களோ பெயரால் ஏமாறவில்லை. ஒரு தோட்டத்திலிருந்து மறுதோட்டத்துக்கு அவர்கள் ஆதரவு பரவியதே சான்று.

இலங்கை மலையகத்தின் கதையும் இதனை உறுதிப்படுத்தும். 1939 ஜூலையில் ஜவகர்லால் நேரு கொழும்புக்கு வந்திருந்தபோது இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. தேயிலைத் தோட்டத் தமிழர் அதன் பின்னே திரண்டனர். சிங்கள அரசியலார் அப்பெயரிலுள்ள ‘இந்தியன்’ என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு, இவர்கள் அந்நியர், இவர்தம் பற்று அக்கரைக்கு உரியது என்றனர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோனது. அதன்பின் 1950-களின் முற்பகுதியில் அவ்வமைப்பு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெயரில் இருந்த ‘இந்தியன்’ போயிற்று; பழி போகவில்லை. 1964-இல் சிறிமா–சாஸ்திரி உடன்பாடு 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு மட்டும் இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னொரு நாளைக்கென ஒத்திவைக்கப்பட்டது. விரட்ட முடிவு செய்துவிட்டவனை எந்தப் பெயர் மாற்றமும் தடுத்து நிறுத்தாது.

ஆதலின் பகைவனுக்கு அஞ்சிப் பெயர் வைப்பதும், பகைவனுக்கு அஞ்சிப் பெயர் மாற்றுவதும் வீண். இவ்வளவும் ‘பெயரில் என்ன இருக்கிறது’ என்போர் பக்கம் உள்ள நியாயம். அவர்தம் நியாயம் இங்கே முடிகிறது. பிழை இங்கே தொடங்குகிறது. பகைவனுக்காகப் பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பதிலிருந்து, நண்பனுக்காகவும் கவலைப்பட வேண்டியதில்லை என்ற முடிவுக்கு அவர்கள் தாவிவிடுகின்றனர்.

தயங்கி நின்ற நண்பர்

1946 ஆகஸ்டில் ஜான் திவியின் தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. இந்திய விடுதலை இயக்கத்தின் பெயரைத் தன் பெயராகக் கொண்டதில் அந்நாளைய உணர்ச்சி வெளிப்பட்டது. அதைக் குறைகூற இயலாது. எனினும் அப்பெயர் யாரை நோக்கிப் பேசியது? இந்நாட்டு இந்தியருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். அவருள் பெரும்பாலோர் தோட்டத்தில் உழைத்தவர். ‘காங்கிரஸ்’ என்ற சொல் பெரட்டுக் களத்தில் நின்றவனுக்குத் தன் லயத்தையோ தன் கூலியையோ நினைவூட்டவில்லை. அது படித்தவரின், பட்டணத்தாரின், அக்கரை அரசியலின் சொல்லாக இருந்தது. தொடக்கக் காலத் தலைமையும் பெரிதும் அவ்வாறே இருந்தமையால் பெயரும் தலைமையும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின. தமிழர் சங்கங்கள் பலவும் தனித்தே நின்றன. 1955-இல் வீ. தி. சம்பந்தன் தலைமை ஏற்றுத் தோட்டந்தோறும் சென்று தமிழில் பேசிய பின்னரே அக்கட்சி தோட்டப்புறத்தில் ஆழ வேரூன்றிற்று. பெயர் செய்யத் தவறிய வேலையை ஒரு மனிதர் கால்நடையாகவும் வாய்மொழியாகவும் செய்து முடிக்க வேண்டியிருந்தது. எல்லா அமைப்புக்கும் அத்தகைய மனிதர் வாய்ப்பதில்லை.

அண்மைக் காலத்தின் கசப்பான சான்று இண்ட்ராஃப் எனப்பட்ட இந்து உரிமைப் போராட்ட இயக்கம். எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் இடம்பெற்ற ஒருவரின் நல்லடக்கம் குறித்து 2005 டிசம்பரில் எழுந்த வழக்கும், கோயில்கள் இடிக்கப்பட்ட நிகழ்ச்சிகளும் அவ்வியக்கத்தை ஈன்றன. முப்பது அளவிலான இந்து அமைப்புகள் ஒன்றுகூடியே அது தோன்றியது. ஆதலின் பிறந்தபோது அப்பெயர் அதற்குப் பொருந்தியதே. ஆனால் 2007 நவம்பர் 25-ஆம் நாள் கோலாலம்பூர் வீதிகளில் பல்லாயிரவர் திரண்டபோது அங்கே வெடித்தது கோயில் கோபம் மட்டுமா? தோட்டம் துண்டாடப்பட்டு வீடிழந்தவனின் கோபம். பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இன்றி அலைந்தவனின் கோபம். பழுதடைந்த தமிழ்ப்பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவனின் கோபம். வேலையிலும் உயர்கல்வியிலும் புறந்தள்ளப்பட்டவனின் கோபம். அவ்வியக்கம் முன்வைத்த 18 கோரிக்கைகளும் சமயத்தின் எல்லையைக் கடந்து குடியுரிமை, கல்வி, வேலைவாய்ப்பு ஆகியவற்றையும் தழுவி நின்றன.

கோரிக்கை விரிந்தது, பெயர் விரியவில்லை. அதே லயத்தில் பிறந்து அதே வறுமையில் வளர்ந்த கிறித்துவத் தமிழன் அப்பெயரில் தன்னைக் காண்பது எங்ஙனம்? தமிழ் முஸ்லிமுக்கு அதில் இடம் எங்கே? பாகான் நக்கோடா ஓமாரில் படகுக் கடனில் மூழ்கிய மலாய் மீனவன், அண்டைத் தோட்டத்து ஏழையின் துயரைத் தன் துயரோடு ஒப்பிட்டுப் பார்க்க அப்பெயர் வழிவிட்டதா? ‘இந்து’ என்ற முதற்சொல் சமயப் பூசலின் வாடையை வீச, ஆங்கிலப் பெயரின் இறுதியிலிருந்த ‘படை’ என்னும் பொருள்தரும் சொல் அச்சத்தை விளைத்தது. ஊர்வலத்தில் சென்றோர் ஏந்தியதோ காந்தியடிகளின் படம்! அறவழியில் உரிமை கேட்டவர்களைப் பார்த்து, இவர்கள் சமயக் கலகம் செய்ய வந்தவர்கள் என்று பகைவன் சொன்னது பெரிதன்று. அவன் சொல்லியே தீருவான். நண்பன் அதை அரைமனத்தோடு நம்பும்படி பெயர் இடங்கொடுத்ததுதான் இழப்பு.

2007 டிசம்பரில் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சிறையிடப்பட்டனர். 2008 மார்ச்சுத் தேர்தலில் அக்கோபத்தின் வலிமை நாடெங்கும் உணரப்பட்டது. சிலாங்கூர் ஆட்சியே கைமாறியது. 2008 அக்டோபரில் இயக்கம் தடை செய்யப்பட்டது. தடை 2013-இல் தான் நீங்கியது. தடைக்குப் பெயர் காரணம் என்று கூறுவது அறியாமை. ஆனால் தடையை எதிர்த்து எல்லாச் சமயத்தவரும் எல்லா இனத்தவரும் தம் வழக்காகக் கருதி ஒரே குரலில் எழுவதற்குப் பெயர் தடையாயிற்று என்பதை மறைப்பது அதனினும் பெரிய அறியாமை.

ஓர் எழுத்தும் பத்து வெள்ளியும்

நண்பனை எண்ணிப் பெயர் வைத்தவர்களும் தமிழருள் உண்டு. 1916-இல் தோன்றிய தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தின் நீண்ட பெயர் மக்கள் நாவில் நிற்கவில்லை. அச்சங்கம் நடத்திய ‘ஜஸ்டிஸ்’ நாளேட்டின் பெயரைக்கொண்டு நீதிக்கட்சி என்று மக்களே அழைத்துக்கொண்டனர். 1944-இல் சேலம் மாநாட்டில் அது திராவிடர் கழகம் ஆயிற்று. 1949 செப்டம்பர் 17-இல் அண்ணாவும் தோழர்களும் பிரிந்து புதிய கழகம் கண்டபோது ‘திராவிடர்’ என்பதிலிருந்து ‘ர்’ என்னும் ஓர் எழுத்தை நீக்கித் திராவிட முன்னேற்றக் கழகம் என்று பெயரிட்டனர். ‘திராவிடர்’ என்பது பிறப்பைச் சுட்டுவது. ‘திராவிட’ என்பது நிலத்தைச் சுட்டுவது. பிறப்பால் வெளியே நின்றவனும் அந்நிலத்தில் வாழ்பவன் என்ற முறையில் உள்ளே வரலாம் என்பதை அவ்வெழுத்தின் நீக்கம் அறிவித்தது. 1967-இல் அக்கட்சி ஆட்சியேறியதற்குக் காரணங்கள் பல. ஆயினும் தொடக்க நாளிலேயே வாசலை அகலப்படுத்தி வைத்த முன்னறிவு அவற்றுள் சிறிதன்று.

இந்நாட்டிலும் அத்தகைய முன்னறிவு இருந்தது. 1950-களில் வெள்ளையர் தம் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேற, வாங்கியவர் அவற்றைத் துண்டாட, தொழிலாளர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். அந்நெருக்கடியில் 1960-இல் சம்பந்தனின் முயற்சியால் அமைந்ததே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். அப்பெயரைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்கலாம். தேசிய: இந்நாட்டுக்குரியது. நில: எதற்காக என்பது. நிதி: எதனால் என்பது. கூட்டுறவு: எவ்வாறு என்பது. சாதியில்லை, சமயமில்லை, தலைவர் புகழில்லை, அக்கரை நினைவில்லை. மாதம் பத்து வெள்ளி செலுத்திப் பங்குதாரராகலாம் என்றதும், வங்கி வாசலையே மிதித்திராத பால்வெட்டுத் தொழிலாளி தன் பத்து வெள்ளி எங்குச் செல்கிறது என்பதைப் பெயரிலிருந்தே அறிந்துகொண்டான். அப்பணம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டமாக மாறியபோது பெயர் தன் சொல்லைக் காத்தது. பெயரும் செயலும் ஒன்றான இடத்தில் விளக்கவுரைக்குத் தேவையே எழவில்லை.

இரு மொழி, ஒரு பொருள்

பெயர் ஒரே மொழியில் வாழ்வதில்லை. இதை மறந்ததன் விளைவை இலங்கைத் தமிழரசுக் கட்சி காட்டும். 1949 டிசம்பரில் சா. ஜே. வே. செல்வநாயகம் நிறுவிய அக்கட்சி ஆங்கிலத்தில் ‘ஃபெடரல் கட்சி’, அதாவது கூட்டாட்சிக் கட்சி. தமிழிலோ ‘தமிழரசுக் கட்சி’. கூட்டாட்சியில் அடங்கும் அரசு என்று நிறுவியவர்கள் பொருள் கொண்டனர். தனியரசு என்று எதிரிகள் பொருள் கூறினர். ‘உலகுக்கு ஒரு பெயர், தமக்குள் ஒரு பெயர்’ என்ற பழியைத் துடைப்பது எளிதாக இல்லை. கூட்டாட்சி கோருவது பிரிவினை கோருவதாகாது என்று அக்கட்சி தொடர்பான வழக்கில் இலங்கை உச்சநீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. கட்சி தோன்றி அப்போது ஏறத்தாழ 68 ஆண்டுகள் ஓடிவிட்டன. பகைவன் திரித்தான் என்பது மெய்யே. ஆயினும் நல்லெண்ணம் கொண்ட சிங்களவன் ஒருவன் ‘இவ்விரண்டில் எது உங்கள் உண்மைப் பெயர்’ என்று கேட்டால், அக்கேள்வியில் வஞ்சம் இல்லை.

மலேசியத் தமிழர் அமைப்புகள் இதனை உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். சங்கப் பதிவகத்தில் மலாய்மொழியில் ஒரு பெயர். அழைப்பிதழில் செந்தமிழில் வேறொரு பெயர். பதிவுப் பெயரில் ‘பொதுநலம்’ இருக்கும். தமிழ்ப் பெயரில் ஒரு தெய்வமோ ஒரு குலமோ ஒரு தலைவரோ வீற்றிருப்பார். உதவி கேட்டுச் செல்லும்போது நாட்டாண்மைக் கழக அதிகாரி முதற்பெயரைப் படிக்கிறார்; நன்கொடை கேட்டுச் செல்லும்போது தமிழ்க் கடைக்காரர் இரண்டாம் பெயரைப் படிக்கிறார். இருவரும் ஒருநாள் சந்தித்துப் பேசிக்கொண்டால் அமைப்பின் நாணயம் கேள்விக்குள்ளாகும்.

வட சிலாங்கூருக்கு வேண்டுவது

இன்று கோல சிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் வரை நிலை மாறிக்கொண்டே வருகிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகி மக்கள் தாமான்களுக்குச் சிதறினர். தோட்டமே மறைந்த பிறகும் தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்கும் தமிழ்ப்பள்ளிகளும் மன்றங்களும் நாட்டில் பல. பழைய மாணவர்க்கு அப்பெயர் தாய்வீடு. அதன் அருமையை அறியாதவர் எவருமிலர். ஆனால் அண்மையில் குடிவந்த இளம் பெற்றோர் ‘இது தோட்டத்துப் பிள்ளைகளுக்கானது’ என எண்ணி அப்பால் செல்வாராயின், மாணவர் எண்ணிக்கையால் உயிர்வாழும் பள்ளிக்கு அது பேரிழப்பு. அங்ஙனமே, கோயில் மண்டபத்தில் இலவச வகுப்பு நடத்தும் குழு கோயிலின் பெயரையே வகுப்புக்கும் சூட்டுமாயின், அடுத்த வீட்டுக் கிறித்துவச் சிறுமி படியேறத் தயங்குவாள். குழுவினர் அவளை விலக்கவில்லை, பெயர் விலக்கிவிட்டது. விலக்கப்பட்டவளுக்கு அவ்விரண்டுக்கும் வேறுபாடில்லை.

பெயரை மாற்றினால் மட்டும் போதும் என்பதுமன்று. இவ்வட்டாரத்துப் பத்தாங் பெர்ஜுந்தை பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றப்பட்ட பின்னும் முதியோர் நாவில் பழைய பெயரே புரள்கிறது. மக்கள் ஏற்காத பெயர் பலகையில் மட்டுமே வாழும். பழம்பெருமை வாய்ந்த பெயரை இருத்திக்கொண்டே, பணி இன்னது, அனைவர்க்கும் உரியது என்பதை அதன் கீழ் ஒரு வரியில் எழுதுவதும் ஒரு வழி. எவ்வழியாயினும், பெயர் சூட்டும் கூட்டத்தில் மூன்று கேள்விகள் எழுப்பப்பட வேண்டும். முன்பின் அறியாத ஒருவன் இப்பெயரைக் கேட்டால் பணி இன்னதென்று அறிவானா? எவருடைய ஆதரவு வேண்டுமோ அவர் தமக்கும் இங்கே இடமுண்டு என்று உணர்வாரா? தமிழிலும் மலாயிலும் இப்பெயர் ஒரே பொருளைத் தருமா? மூன்றுக்கும் ஆம் என்ற விடை வராவிடில் கைதட்டலை ஒத்திவைத்துவிட்டு மீண்டும் சிந்திப்பதே அறிவுடைமை.

பெயர் வைக்கும் உரிமை உள்ளிருப்பவர்க்கு உண்டு. ஆனால் பெயரைப் படிக்கப் போகிறவன் வெளியே நிற்பவன். அவனை அக்கூட்டத்துக்கு எவரும் அழைப்பதில்லை; அழைக்கவும் இயலாது. அவன் சார்பில் ஒருவரேனும் எழுந்து, ‘இப்பெயரைக் கேட்டு வராமல் போகிறவர் யார்’ என்று கேட்பாராக. அக்கேள்வி எழாத அவையில் சூட்டப்படும் பெயர் எத்துணை இனிமையாக ஒலிப்பினும், வர வேண்டியவனை அது வாசலிலேயே நிறுத்திவிடும்.